முதியோர் பராமரிப்பில் ஆராய்ச்சிச் சான்றைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு: கேள்வி முதல் மறுகணக்கு வரை

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், தக்கலையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஒரு சிறிய முதியோர் இல்லத்தின் அன்றாடப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். 18 பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் 5 பேர் படுத்த படுக்கையாக இருப்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒருவருடைய இடுப்பின் பின்புறம் ஒரு நிறமாற்றத்தைக் கண்டோம். ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தோம், பவுடர் போட்டோம், காற்றடைத்த வளையத்தை அடியில் வைத்தோம். மூன்று வாரத்தில் அது ஆழமான புண்ணாயிற்று. படுக்கைப்புண்ணைத் தடுக்கத் தோலைத் தேய்க்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) நிறுவனம் 2014-இலேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது என்பதும், வளைய வடிவத் தாங்கிகளைத் தவிர்க்குமாறு பன்னாட்டு வழிகாட்டிகள் சொல்லியிருந்தன என்பதும் அதன் பிறகே எனக்குத் தெரிந்தது. அன்போடுதான் செய்தோம், ஆனால் அவருக்கு வலித்தது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி சொல்வதை எங்கள் இரவுப் பணிக்குள் கொண்டுவர 11 மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் 5 மாதத்தில் முடிந்திருக்கும். இல்லம் நடத்துவோர், வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் குழுவினர், பகல்நேரப் பராமரிப்பு மையம் தொடங்குவோர், வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஆகியோருக்காக அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணைப் பற்றியவை. முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

1. ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்

எங்கள் முதல் கேள்வி, "படுக்கைப்புண்ணைத் தடுப்பது எப்படி?" என்பது. அதற்குக் கணக்கில்லாத பக்கங்கள் கிடைத்தன; எதையும் மறுநாள் காலையில் செய்ய முடியவில்லை. கேள்வி நான்கு துண்டுகளாக உடைந்த பிறகுதான் வேலை நகர்ந்தது: யாருக்கு, என்ன செய்யப் போகிறோம், இப்போது செய்யும் எதற்குப் பதிலாக, எது மாற வேண்டும். இறுதியில் எங்கள் கேள்வி இப்படி அமைந்தது: "தானாகப் புரண்டு படுக்க இயலாத முதியவரை இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால், இப்போதுபோல இரவில் இருமுறை மட்டும் திருப்புவதைவிடப் புதிய புண் குறையுமா?"

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது அது அடிக்கடி நடக்கும் ஒன்றா, நடந்தால் கெடுதல் பெரிதா, மாற்றுவது நம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதை விட்டுவிட்டுத்தான் பலர் இடறுகிறார்கள். மறதி நோய் உள்ளவருக்குக் கொடுக்கும் அமைதிப்படுத்தும் மாத்திரையைப் பற்றிய கேள்வி முக்கியமானது. மனநோய்க்கான அந்த வகை மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. ஆனாலும் மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ பராமரிப்பாளரின் கையில் இல்லை. அந்தக் கேள்வியை எழுதி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வியை முடிவு செய்யுமுன் முதியவர்களிடமே கேளுங்கள். எங்கள் இல்லத்தில் இருந்த 85 வயதுப் பெண்மணி ஒருவர், "புண்ணைவிட, நடுராத்திரியில் லைட்டைப் போட்டுச் சொல்லாமல் தூக்கித் திருப்புவதுதான் பயமாக இருக்கிறது" என்றார். நாங்கள் படித்த எந்தக் கட்டுரையும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. திருப்பும் முறையை வகுத்தபோது கால்மாட்டில் சிறிய விளக்கு மட்டும் போடுவது, தொடுமுன் "அம்மா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?" என்று கேட்பது ஆகிய இரண்டும் அவருடைய சொல்லால்தான் சேர்ந்தன.

இந்தப் படிக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். செலவு எதுவும் இல்லை.

2. எதையும் மாற்றுமுன் நான்கு வாரம் எண்ணுங்கள்

இந்தப் படியை நாங்கள் தவிர்த்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து, "முன்பு எப்படி இருந்தது?" என்று இல்லத்தை நடத்தும் அறக்கட்டளைக் குழுவினர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எண்ண வேண்டியவை சில மட்டுமே: படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர், அந்த வாரம் புதிதாகத் தோன்றிய புண் எத்தனை, எந்த இடத்தில், ஓர் இரவில் திருப்ப வேண்டிய தடவைகளில் எத்தனை நடந்தன. புண் வரும் அபாயத்தைக் கணிக்கப் பிரேடன் அளவுகோல் உதவும். ஆறு தலைப்புகளில் மதிப்பெண் இட்டு 6 முதல் 23 வரை கூட்டுவார்கள். மதிப்பெண் குறையக் குறைய அபாயம் கூடும். 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் முதல் இரண்டு முறை கூட இருந்து சொல்லிக்கொடுத்தால் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. எங்கள் இரவுப் பதிவேட்டைக் கூர்ந்து பார்த்தபோது 9, 12, 3, 6 ஆகிய எல்லா நேரங்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. காலையில் மொத்தமாக நிரப்பியிருக்கிறார்கள். அந்தச் சகோதரிகளைக் கடிந்துகொள்வது தவறு. கட்டம் காலியாக இருந்தால் திட்டு விழும் என்று பழக்கியவர்கள் நாங்கள்தான். "விட்டுப்போயிற்று" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டோம், காரணத்தை மட்டும் ஒரு சொல்லில் எழுதுங்கள் என்று சொன்ன பிறகே உண்மையான கணக்கு வந்தது. முதல் வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட கட்டங்களில் "விட்டுப்போயிற்று" என்று இருந்தது. அதைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

விழுவதைப் பற்றி எண்ணுவதாக இருந்தால் "விழுந்தார்" என்று மட்டும் எழுதாமல் மணி, இடம், காலில் செருப்பு இருந்ததா, வெளிச்சம் இருந்ததா, தரை ஈரமா என்பவற்றையும் எழுதுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கிணற்றடியும் புறவாசலும் பாசி பிடித்துக் கிடக்கும். பங்குனியில் எடுத்த கணக்கை ஐப்பசிக் கணக்கோடு ஒப்பிட்டால் நல்ல மாற்றமும் தோல்விபோலத் தெரியும். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியில் பார்த்தால் வீண் முயற்சியும் வெற்றியாகத் தோன்றும். இயன்றால் ஒரே பருவத்துக்குள் இரண்டு கணக்கையும் எடுங்கள்.

செலவு: ஒரு நீளப் பதிவேடு, நகலெடுத்த படிவங்கள், சுவரில் மாட்ட ஒரு கடிகாரம். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது.

3. தேடுங்கள்: எங்கே, எந்தச் சொல்லால்

முதலில் வழிகாட்டி, அடுத்து பல ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிய ஆய்வுத்தொகுப்பு, கடைசியாகத் தனி ஆய்வு என்ற வரிசையில் தேடுங்கள். தனி ஆய்வில் தொடங்கினால் முதலில் கண்ணில் பட்டதையே உண்மை என்று நம்பிவிடுவோம்.

வழிகாட்டிகளில் நைஸ் நிறுவனத்தின் இணையதளத்தை இலவசமாகப் படிக்கலாம். மருத்துவத்தோடு சமூகப் பராமரிப்புக்கும் அது 2013 முதல் வழிகாட்டி எழுதி வருகிறது. வீட்டுப் பராமரிப்புக்கு 2015-இலும், மறதி நோய்க்கு 2018-இலும், குடும்பப் பராமரிப்பாளருக்கான உதவிக்கு 2020-இலும் வெளிவந்தவை நமக்குப் பயன்படும். அவை இங்கிலாந்தின் சட்டத்தையும் ஊழியர் அமைப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யார் செய்ய வேண்டும் என்ற பகுதியைக் கடந்து, எதைச் செய்ய வேண்டும் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுத்தொகுப்புகளுக்குக் காக்ரேன் (Cochrane) நூலகம் என்ற இணையதளம் இருக்கிறது. ஒவ்வொரு தொகுப்புக்கும் எளிய மொழியில் ஒரு சுருக்கம் இருக்கும். அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. சிலவற்றுக்குத் தமிழ்ச் சுருக்கமும் உண்டு. தனி ஆய்வுகளுக்குப் பப்மெட் (PubMed), கூகுள் ஸ்காலர் என்ற இரண்டு தேடுதளங்களும் போதும்.

சொல்லில் ஒரு கண்ணி உண்டு. படுக்கைப்புண்ணை "பிரஷர் அல்சர்" என்று எழுதி வந்தார்கள். 2016-இல் படுக்கைப்புண்ணுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு அதை "பிரஷர் இஞ்சுரி" என்று மாற்றியது. ஒரு சொல்லால் மட்டும் தேடினால் பல ஆய்வுகள் கண்ணில் படாமலே போகும். எந்தப் பொருளைத் தேடினாலும் பழைய பெயர், புதிய பெயர், பேச்சு வழக்குப் பெயர் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பணத்தில் இன்னொரு கண்ணி. ஒரு கட்டுரைக்கு வெளியீட்டாளர் தளம் ஏறத்தாழ 3,000 ரூபாய் கேட்டது, நானும் கட்டிவிட்டேன். அதே கட்டுரையின் இலவசப் படி வேறொரு தளத்தில் இருந்தது. ஆகவே பணம் கட்டுமுன் தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் இட்டு, எல்லாப் பிரதிகளையும் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வாளரின் மின்னஞ்சலுக்கு நான்கு வரி எழுதுங்கள். நான் எழுதிய ஐந்து பேரில் மூவர் ஒரு வாரத்துக்குள் அனுப்பி வைத்தார்கள். கணினி உரையாடிகளிடம் (சாட்பாட்) கேட்டால் இல்லாத ஆய்வையும் இருப்பதுபோலச் சொல்வதுண்டு. அவை தரும் ஒவ்வொரு தலைப்பையும் பப்மெட்டில் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள். மெத்தை விற்பவர் தரும் துண்டுத்தாளில் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று இருந்தால் எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தயங்க வேண்டாம். நம் மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிகளுக்கும் சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கும் குறைவில்லை. களப்பயிற்சிக்கு இடம் தேடி வரும் ஒரு மாணவரோடு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். அவருக்கும் அது படிப்பு.

4. படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

இங்கே அவசரம் வேண்டாம். எங்கள் கேள்விக்குக் கிடைத்த இரண்டு ஆய்வுகளை வைத்தே சொல்கிறேன்.

அயர்லாந்தில் 12 நீண்டகாலப் பராமரிப்பு மருத்துவமனைகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று. மொத்தம் 213 முதியவர்கள். ஒரு பிரிவினரை இரவில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, முழுப் பக்கவாட்டில் அல்லாமல் 30 பாகைச் சாய்வில் திருப்பினார்கள். மற்றப் பிரிவினரை வழக்கப்படி 6 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பக்கவாட்டில் திருப்பினார்கள். நான்கு வாரத்தில் முதல் பிரிவில் 99 பேரில் 3 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 114 பேரில் 13 பேருக்கும் புண் வந்தது. நூற்றுக்கு 11 என்பது 3 ஆகக் குறைந்தது என்று படித்தவுடன் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மற்றொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் மூன்று வாரம் நடந்து 2013-இல் வெளியானது. 2 மணி, 3 மணி, 4 மணி நேர இடைவெளிகளை அதில் ஒப்பிட்டார்கள். புண் வந்தவர்கள் முறையே 321 பேரில் 8, 326 பேரில் 2, 295 பேரில் 9. இடைவெளிகளுக்கிடையே நம்பத்தக்க வேறுபாடு இல்லை என்பது அவர்களுடைய முடிவு. இதைப் படித்த எங்கள் நிர்வாகி ஒருவர், "அப்படியானால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமே, ஆள் குறைக்கலாமே" என்றார். அது தவறான வாசிப்பு. அந்த ஆய்வில் இருந்த எல்லோரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தவர்கள். திருப்பியது முறையாகப் பதிவானது. பயிற்சி பெற்றவர்கள் கூடவே கண்காணித்தார்கள். எங்களிடம் அன்று இருந்தவை உட்குழிந்துபோன பழைய தென்னைநார் மெத்தைகள்.

ஆகவே ஒவ்வோர் ஆய்விலும் இவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே நடந்தது, யாரிடம், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம், எதனோடு எதை ஒப்பிட்டார்கள், எந்த மெத்தை, எத்தனை ஊழியர். சதவீதத்தை மட்டும் எழுதாமல் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஓர் ஆய்வோடு நிற்காமல் ஆய்வுத்தொகுப்பு என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். திருப்பிப் படுக்க வைப்பதைப் பற்றிய காக்ரேன் தொகுப்பு 2020-இல் வந்தது; எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதில் சான்று இன்னும் உறுதியாக இல்லை என்பதே அதன் நிலை. "திருப்ப வேண்டாம்" என்று அது சொல்லவில்லை. "இந்த இடைவெளிதான் சரி என்று அறுதியிட முடியாது" என்று சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஊழியர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

சதவீதத்தில் ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வாழும் முதியவர்கள் உடற்பயிற்சி செய்தால் விழுவது குறையுமா என்பதைப் பற்றி 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 108 ஆய்வுகளையும் 23,407 பேரையும் உள்ளடக்கியது. விழும் தடவைகளின் வீதம் 23 சதவீதம் குறைந்தது என்று அது கூறுகிறது. நூற்றுக்கு 23 பேர் விழாமல் தப்பினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைக்கும் அன்றாட அசைவுக்கும் உரிய பயிற்சிகளில். நடைப்பயிற்சி மட்டும் போதுமா என்பதில் அந்தத் தெளிவு இல்லை. அது வீட்டில் வாழ்பவர்களுக்கு உரிய சான்று. பராமரிப்பு இல்லங்களையும் மருத்துவமனைகளையும் பற்றி 2018-இல் வந்த தொகுப்பில் இல்லங்களில் உடற்பயிற்சியின் பலன் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரே செயல், ஒரே வயது. இடம் மாறியதும் சான்றின் உறுதியும் மாறிவிட்டது. இத்தகைய தொகுப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன; படிக்குமுன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. நம் இடத்துக்குப் பொருந்துமா என்று சோதியுங்கள்

முதலில் தோலின் நிறம். அழுத்தத்தின் முதல் அடையாளம் சிவப்பு என்று பல படிவங்களில் இருக்கிறது. நம்மவர்களின் மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாமலே போகலாம். புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு, இறுக்கம், வீக்கம், சுற்றியுள்ள தோலைவிடக் கருமை, வலி ஆகியவற்றைக் குறிக்கும்படி எங்கள் படிவத்தை மாற்றினோம். குதிகாலை மறக்காதீர்கள், கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் இருக்கட்டும்.

அடுத்தது மெத்தை. காற்று மெத்தை வாங்கினால் எல்லாம் தீரும் என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் பணம் அனுப்புகிறார்கள். பிரிட்டனில் 2,029 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், மாறி மாறிக் காற்றேறும் மெத்தைக்கும் உயர்தர நுரை மெத்தைக்கும் இடையே உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு தெரியவில்லை. மின்சாரம் போனால் காற்று மெத்தை நம்மைக் கைவிடும். மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே நாங்கள் அடர்த்தியான நுரை மெத்தையையே முதலில் வாங்கினோம். ஒன்று ஏறத்தாழ 7,000 ரூபாய். ஐந்தையும் ஒரே நாளில் வாங்கவில்லை; அபாயம் மிகுந்த இருவருக்கு முதலில், மற்றவர்களுக்கு அடுத்த மூன்று மாதத்தில். ஏற்கெனவே புண் ஆழமாக இருப்பவருக்கு எந்த மெத்தை என்பதை மருத்துவரோ செவிலியரோ முடிவு செய்யட்டும்.

மூன்றாவது ஆள் கணக்கு. இரவு 8 முதல் காலை 8 வரை 3 மணிக்கு ஒருமுறை என்றால் ஒருவருக்கு 4 தடவை; ஐந்து பேருக்கு 20 தடவை. ஒரு தடவைக்கு 6 நிமிடம் என்றால் 2 மணி நேரம், அதுவும் இருவர் சேர்ந்து. எங்களிடம் இரவுக்கு ஒருவர்தான் இருந்தார். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான், இரண்டாவது ஆளை இரவு 9 முதல் காலை 6 வரை அமர்த்த அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. மாற்றத்தின் மொத்தச் செலவில் பெரும்பங்கு அந்தச் சம்பளம். அதற்கு வழி செய்யாமல் திட்டத்தைச் சுவரில் ஒட்டினால் பழையபடி ஒரே பேனாவில் நிரம்பிய பதிவேடே கிடைக்கும்.

இந்தியச் சான்று உண்டா என்றும் தேடுங்கள், உண்டு. மறதி நோய் உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீட்டுக்கே சென்று உதவிய ஆய்வு கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008-இல் வெளியாயிற்று; பராமரிப்பவரின் மன உளைச்சல் குறைந்தது. அதை முழுவதுமாக இலவசமாகப் படிக்கலாம். மறதி நோய்க்கான அறிவுத்தூண்டல் குழுப் பயிற்சி (குழுவாகப் பேசியும் விளையாடியும் நினைவையும் சிந்தனையையும் தூண்டுவது), மூலவடிவில் வாரம் இருமுறையாக 14 அமர்வுகள் கொண்டது. அதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் செய்துபார்த்த ஆய்வு சென்னையில் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் செய்வோர் பேச்சுப் பொருளாக மட்டிப்பழம், மரச்சீனிக் கிழங்கு, தோவாளைப் பூச்சந்தை, கடற்கரைக்காரர் என்றால் வள்ளமும் வலையும் என்று இன்னும் நெருக்கமாக்கிக்கொள்ளலாம்.

6. தாள்களைச் சரிசெய்யுங்கள்

நான்கு தாள் வேண்டும். முதலாவது, ஒருபக்கக் குறிப்பு: கேள்வி, கிடைத்த சான்று, அதன் உறுதி, நம் இடத்துக்கு என்ன மாற்றம், செலவு, தொடங்கும் தேதி, மறுபடி பார்க்கும் தேதி. ஒரு பக்கத்தைத் தாண்டினால் எந்தக் குழுவும் படிப்பதில்லை. நான் முதலில் கொடுத்த 14 பக்கம் இரண்டு மாதம் மேசையில் கிடந்தது. இரண்டாவது, திருப்பும் படிவம். மூன்றாவது, மருத்துவரின் எழுத்து: இடுப்பு எலும்பு முறிவு, முதுகுத் தண்டுப் பாதிப்பு, மூச்சுத் திணறல் உள்ளவரை எந்தப் பக்கம் திருப்பலாம், எந்தப் பக்கம் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனியாக வாங்கி வையுங்கள். வீட்டில் படுக்கையாக இருப்பவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் இயன்முறை மருத்துவரிடமும் நோய்த்தணிப்புச் செவிலியரிடமும் கேட்கலாம்.

நான்காவது, சம்மதம். பேச முடிந்தவரிடம் அவரிடமே கேளுங்கள். மகன் துபாயிலிருந்து சொன்னால் போதும் என்று எண்ணாதீர்கள். புரிந்து முடிவெடுக்க இயலாதவருக்காகக் குடும்பத்தாரிடம் பேசிக் கையொப்பம் வாங்குங்கள். வளைகுடாவில் இருப்பவர்களை விடுமுறை நாளில் அழைத்துப் பேசி, ஸ்கேன் செய்த படியை வாங்கலாம். அதற்கே எங்களுக்குப் பத்து நாள் ஆனது. அப்போதும் அந்த முதியவர் முகம் சுளித்தாலோ கையைத் தட்டிவிட்டாலோ அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்து முயலுங்கள். புண்ணின் படம் எடுப்பதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போடாதீர்கள். படிவ நகலில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும்.

பலர் அறியாத எல்லை ஒன்று உண்டு. நம் இல்லத்தின் வேலையைச் சீர்படுத்த மட்டும் எண்ணிப் பார்ப்பது வேறு. அந்தக் கணக்கை ஆய்வுக் கட்டுரையாக வெளியிடவோ மாணவரின் ஆய்வேட்டில் சேர்க்கவோ நினைப்பது வேறு. இரண்டாவதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அதை விளக்குகின்றன. ஒப்புதலைத் தகவல் திரட்டத் தொடங்குமுன் வாங்க வேண்டும். முடித்த பிறகு பின்தேதியிட்டு வாங்க முடியாது. எங்களோடு வேலை செய்த மாணவி ஒருவர் இதை அறியாததால், அவர் திரட்டிய இரண்டு மாதத் தகவலை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் போனது. குறைந்த அபாயமுள்ள ஆய்வுகளுக்கு விரைவுப் பரிசீலனையும், சிலவற்றுக்கு விலக்கும் உண்டு என்றாலும், அதை முடிவு செய்வதும் குழுவே. மாணவர் எவரேனும் சேர்ந்தால், முதல் நாளே அவருடைய கல்லூரியில் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று கேட்டு வையுங்கள்.

7. இருவரிடம் தொடங்குங்கள்

ஐந்து பேரிடமும் ஒரே நாளில் தொடங்காமல், இருவரிடம் இரண்டு வாரம் செய்து பாருங்கள். 30 பாகைச் சாய்வு என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. முதுகுப் பக்கம் ஒரு தலையணையை நீளவாக்கில் செருகி, வால் எலும்பின் அடியில் விரல்கள் நுழைகின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் அளவாயிற்று. இழுத்துத் திருப்பினால் தோல் உராயும். விரிப்பைப் பிடித்து இருவராகத் தூக்கித் திருப்பவும். இரவுப் பணியாளரின் முதுகுவலியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நின்றுவிட்டால் திட்டமும் நின்றுவிடும்.

சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைப்பது இங்கே பெரிய கண்ணி. முதியவர்களைக் கட்டிலில் கட்டி வைக்கும் வழக்கத்தைக் குறைப்பதைப் பற்றி 2023-இல் வந்த காக்ரேன் தொகுப்பில், நிர்வாகமே கொள்கையை மாற்றி, பொறுப்பாளர்களை நியமித்துத் தொடர்ந்து துணை நின்ற முயற்சிகள் பலன் தந்தன. பயிற்சி வகுப்பு மட்டும் நடத்திய முயற்சிகளில் அந்தத் தெளிவு இல்லை. எங்கள் அனுபவமும் அதுதான். ஒரு மணி நேர வகுப்பு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பணி மாறும் நேரத்தில், பதிவேட்டை நடுவில் வைத்து 15 நிமிடம் பேசத் தொடங்கியது தாங்கியது. "அதிகாலை மூன்று மணிச் சுற்று ஏன் விட்டுப்போகிறது?" என்று கேட்டபோது, அந்த நேரத்தில்தான் மற்றொரு அறையில் இருப்பவர் கழிப்பறைக்குப் போக எழுகிறார் என்று தெரிந்தது. சுற்றை இரண்டேமுக்காலுக்கு மாற்றினோம்.

8. மறுபடி எண்ணுங்கள்

இருவரிடம் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து, இரண்டாம் படியில் எண்ணியதையே அதே படிவத்தில் நான்கு வாரம் எண்ணுங்கள். ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு, "முன்பு இரண்டு புண், இப்போது ஒன்று, பாதியாகக் குறைந்தது" என்று எவரிடமும் சொல்லாதீர்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் நேரலாம். சிறிய இல்லம் நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, திட்டமிட்ட தடவைகளில் எத்தனை நடந்தன என்பதையே. எங்களுக்குப் பாதிக்கும் கீழே இருந்தது பத்துக்கு எட்டுக்கு மேல் வந்தது. புண் குறைந்ததா என்பதை அறிய ஓராண்டுக் கணக்கு வேண்டும். அல்லது பக்கத்து இல்லங்கள் சில ஒரே படிவத்தைப் பயன்படுத்திச் சேர்த்து எண்ண வேண்டும். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து இல்லங்கள் இரண்டோடு அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி, எண்ணுதல், தேடுதல், தாள்கள், சோதனை, மறுகணக்கு எல்லாம் சேர்த்து, சில வேலைகளை ஒருசேரச் செய்தால், ஏறத்தாழ 22 வாரம் ஆகும். தேடுதலையும் படிப்பதையும் இரண்டாம் படியின் நான்கு வாரத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். ஒருபக்கக் குறிப்பின் அடியில் ஓராண்டு கழித்து ஒரு தேதியை எழுதி, அதையே சமையலறை நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். அந்த நாளில் அதே தேடுசொற்களால் காக்ரேனிலும் நைஸிலும் மீண்டும் தேடி, மாறியிருப்பதைக் குறிப்பில் திருத்துங்கள். இடையில் புதிய பணியாளர் சேர்ந்தால், முதல் மூன்று இரவுகள் பழையவர் ஒருவரோடு சேர்ந்து அவர் சுற்று வரட்டும்.